அணைந்து அணைந்து எழும் பழைய லேப்டாப்: அவசரத்தில் செய்யக்கூடாதவை

பழைய லேப்டாப் வேலைக்கு நடுவே பட்டென்று அணைந்துபோனாலோ, நீலத் திரையைக் காட்டிவிட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆனாலோ, பெரும்பாலானோர் உடனே கையில் எடுக்கும் வைத்தியம் ஃபார்மட்தான். பாளையங்கோட்டையில் என் மேசைக்கு வரும் பல லேப்டாப்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை ஃபார்மட் செய்யப்பட்ட பிறகுதான் வருகின்றன. கோளாறு ஹார்டுவேரில் இருந்தால் ஃபார்மட்டால் ஒரு பயனும் இல்லை. உள்ளே இருந்த கல்யாண போட்டோவும் சான்றிதழ் ஸ்கேனும் போனதுதான் மிச்சம்.

போன சித்திரையில் முக்கூடலிலிருந்து ஒரு அக்கா வந்தார். பீடி சுற்றுகிறவர். மகள் பிளஸ் டூ படித்தபோது கிடைத்த அரசு லேப்டாப். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்கள் இந்தப் பக்கம் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. "அண்ணாச்சி, ரெண்டு தடவ ஃபார்மட் போட்டாச்சு. அரை மணி நேரத்துல பொட்டுனு அணஞ்சிருது" என்றார். எந்நேரம் அணைகிறது, எங்கே வைத்துப் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "காலைல நல்லா ஓடுது. மத்தியானந்தான் மக்கர் பண்ணுது. நான் சொளவ வச்சு பீடி சுத்துவேன், அவ பக்கத்துல கட்டில்ல போட்டுப் பாப்பா." (சொளவு என்றால் முறம்.)

பாதி விடை அந்தப் பேச்சிலேயே இருந்தது. இதைக் கேட்காமல் ஸ்குரூ டிரைவரை எடுப்பதுதான் முதல் தவறு. எப்போது அணைகிறது என்பதை ஒரு வாரம் தாளில் எழுதி வையுங்கள்: மணி என்ன, சார்ஜர் மாட்டியிருந்ததா, என்ன ஓடிக்கொண்டிருந்தது, மேசையிலா மெத்தையிலா. கொஞ்ச நேரம் ஓடி, வெயில் ஏறிய பிறகு அணைந்தால் சூடு. நேரம் காலம் இல்லாமல், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழை காட்டிச் சரிந்தால் ராம் (கணினியின் தற்காலிக நினைவக அட்டை) மீது சந்தேகம். மவுஸ் அம்பு உறைந்து, எல்லாம் நிமிடக்கணக்கில் அப்படியே நின்று, பிறகு சரிந்தால் ஹார்ட் டிஸ்க். வயரை அசைத்தால் அணைந்தால் சார்ஜர் பின், மூடியை அசைத்தால் திரை போனால் கீல் வழியாகப் போகிற டிஸ்பிளே கேபிள். இவை முடிந்த முடிவுகள் அல்ல, எங்கே முதலில் தேடுவது என்பதற்கான வழிகாட்டி மட்டுமே.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கிற ஈவன்ட் வியூவரில் 'கர்னல் பவர் 41' என்று பார்த்துவிட்டு உடனே புது சார்ஜர் வாங்குகிறவர்கள் நிறைய. முறையாக ஷட் டவுன் ஆகாமல் கணினி மறுபடி எழுந்தது என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. எதனால் என்பதை அது சொல்வதில்லை. அதைவிடப் பயனுள்ள சோதனை ஒன்று உண்டு. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் போட்டு, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே பூட் செய்து இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அணைந்தால் விண்டோஸைச் சந்தேகிப்பதை அநேகமாக விட்டுவிடலாம். அணையாமல் ஓடினால் விண்டோஸையும் டிஸ்க்கையும் கவனிக்க வேண்டும்.

அக்காவின் லேப்டாப்பில் வெப்பநிலை காட்டும் மென்பொருளைப் போட்டு ஒரு வீடியோவை ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் 98 டிகிரி. பல பிராசஸர்களுக்கு 100 டிகிரியை ஒட்டித்தான் எல்லை. அதை நெருங்கும்போது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டென்று அணைந்துவிடும். பின்பக்க மூடியைக் கழற்றி ஃபேனை எடுத்தேன். பிராசஸரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கு முன்னால் தூசி படிந்து படிந்து கம்பளித் துண்டு போல ஆகியிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது ஒரே துண்டாக உரிந்து வந்தது. புகையிலை வாசம் குப்பென்று அடித்தது. காற்று போக வழியே இல்லை. மெத்தை கீழே இருக்கிற துளைகளையும் அடைத்துவிட்டால் லேப்டாப் என்னதான் செய்யும்?

சூட்டுக்கான வைத்தியத்தில்தான் தவறுகள் அதிகம். தூசியை எடுக்காமல் கூலிங் பேட் வாங்குவது வீண் செலவு. மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்து புளோயரை வைத்து அடிப்பது ஆபத்து: ஃபேன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் போய்விடும். ஃபேன் இதழை விரலாலோ குச்சியாலோ பிடித்துக்கொண்டுதான் காற்றடிக்க வேண்டும். பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே சூட்டைக் கடத்த வைத்திருக்கும், காய்ந்து சுண்ணாம்பாகிப்போன பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் முழுதாகத் துடைத்துவிட்டுப் புது தெர்மல் பேஸ்ட் வையுங்கள். அப்பக்கூடாது, மெல்லிய படலம் போதும். பக்கத்துச் சிப்களின் மேல் மெத்தென்று தெர்மல் பேட் இருந்தால் அதே கனத்தில் பேட்தான் வைக்க வேண்டும். அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது. ஹீட் சிங்க் ஸ்குரூக்களுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும். ஒன்றை ஒரேயடியாக இறுக்காமல், அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

சுத்தம் செய்த பிறகு அதே வீடியோ 74 டிகிரியில் ஓடியது. ராமையும் அப்போதே மாற்றிவிடச் சொன்னார் அக்கா, "ஒரேயடியா முடிச்சிருங்க" என்று. நான் மாற்றவில்லை. ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது சரிசெய்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. பழைய லேப்டாப்பில் ஒரு கோளாறுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருப்பது சகஜம்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். இப்போது அணையவில்லை, நீலத் திரை. மாற்றியது ஒன்றைத்தான் என்பதால் சூட்டை ஒதுக்கிவிட்டு நேரே ராமுக்குப் போக முடிந்தது. இரண்டு ராம் இருந்தன. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டுத்தான் தொட்டேன். தங்க நிறக் கால்களைத் துடைத்து, ஒரு தடவைக்கு ஒரு ராம் மட்டும் மாட்டி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டேன். முதல் ராம் சுத்தமாக வந்தது. இரண்டாவதில் காலையில் பார்த்தால் சிவப்பு வரிகள். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு 'ராம் நல்லாருக்கு' என்று சொல்வது பெரிய தவறு. ஒரே ஒரு பிழை வந்தாலும் 'ஒண்ணுதானே' என்று விடக்கூடாது.

புது ராம் வாங்கும்போது வோல்டேஜைப் பாருங்கள். 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகை ராமை மட்டும் ஏற்கிற லேப்டாப்பில் 1.5 வோல்ட் சாதா டிடிஆர்3 அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் லேப்டாப் ஆன் ஆகாது, ஆன் ஆகிவிட்டாலும் ஓட்டத்தில் நம்ப முடியாது.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் ஒரு தவறு மன்னிக்க முடியாதது. டிஸ்க் திணறுகிறது என்று தெரிந்ததும் டிஸ்க்கைச் சோதித்துப் பிழை திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையை முழு ஸ்கேனில் போடுவது. சாகக் கிடக்கிற டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் ஓடவிட்டால், அந்த ஓட்டத்திலேயே அது உயிரை விட்டுவிடலாம். முதலில் வேண்டிய ஃபைல்களை வெளியே எடுங்கள், பிறகு எந்தச் சோதனையும் செய்யுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருளில் மாற்றி ஒதுக்கிய செக்டார் (டிஸ்க்கின் சிறு பகுதி), காத்திருக்கும் செக்டார் ஆகிய எண்ணிக்கைகள் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள்.

டச் பேட் மேலே தூக்கினாலோ, அடிமூடி பிதுங்கினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. அழுத்தி மூடாதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், குப்பையில் எறியாதீர்கள். இதில் கொஞ்சமும் அலட்சியம் வேண்டாம், தீப்பிடிக்கும். சார்ஜர் மாற்றும்போது வோல்ட் அப்படியே ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக்கூடாது.

திரையில் கோடு கோடாக வந்தால் கிராபிக்ஸ் சிப்பை ஹீட் கன்னால் சூடாக்கும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. அப்படிச் செய்த லேப்டாப் சில நாள் எழும், மறுபடி விழும், பக்கத்துச் சிப்களையும் பலவீனமாக்கிவிடும். 2008-இல் கிராபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியா நிறுவனமே தன் லேப்டாப் சிப்களின் பேக்கேஜிங் குறைபாட்டுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த வகைக் கோளாறு சிப்புக்குள்ளேயே இருப்பது. வெளியே காட்டுகிற சூடு அதை ஆற்றாது.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமிருந்து வந்த லேப்டாப்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. 'காஞ்சிருச்சா பாப்போம்' என்று ஆன் செய்து பார்த்ததில் போர்டு எரிந்தவை பல. அரிசிக்குள் புதைத்தவையும் வந்தன. அரிசி, ஆற்றுத் தண்ணீர் விட்டுப்போன சேற்றையும் உப்பையும் எடுக்காது, அதுதான் பின்னால் பச்சை பூத்து இணைப்புகளை அரிக்கும். நனைந்தால் ஆன் செய்யவே கூடாது. பேட்டரியைப் பிரித்துவிட்டு, போர்டைக் கழற்றி ஆல்கஹாலால் கழுவ வேண்டும். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை.

அக்காவின் லேப்டாப் இப்போது ஒற்றை ராமில்தான் ஓடுகிறது. இன்னொன்று வாங்க வேண்டாம் என்று நானே சொன்னேன், மகளின் தட்டச்சு வேலைக்கு அது போதும். கட்டிலுக்குப் பதில் ஒரு மணைப்பலகையில் வைக்கிறார்கள், சொளவுக்கு எதிர்ப்பக்கம், ஜன்னலோரமாக.