புரோட்டான் எந்தப் பக்கம்?

கார்பாக்சிலிக் அமிலமும், வளையத்தில் நைட்ரஜன் கொண்ட பிரிடின் வகைச் சேர்மமும் இணைந்த படிகம். எக்ஸ்-கதிர் கொண்டு அதன் அணு அமைப்பைக் கண்டறியும் வேலை. அமிலத்தின் புரோட்டான் (ஹைட்ரஜன் அணுக்கரு) அமிலத்திலேயே இருக்கிறதா, நைட்ரஜனுக்குத் தாவிவிட்டதா என்பதே கேள்வி. தானியங்கி நிரல் ஹைட்ரஜனை அமில ஆக்சிஜன்மீது வைத்திருந்தது. 2.65 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) தொலைவில் நைட்ரஜன் காத்திருந்தும், ஹைட்ரஜன் பிணைப்புக் கோணம் வெறும் 110 பாகை. இத்தகைய பிணைப்பு ஏறத்தாழ நேர்கோட்டில் அமைய வேண்டும். நம்பும்படியாக இல்லை.

எக்ஸ்-கதிருக்கு ஹைட்ரஜன் மங்கலாகவே தெரியும். இருப்பது ஒரே எலக்ட்ரான். எனவே கனமான அணுக்களிடம் விசாரித்தேன். அமிலமாக இருந்தால் கார்பன்–ஆக்சிஜன் நீளங்கள் ஏறத்தாழ 1.21, 1.31 என்று பிரிந்திருக்க வேண்டும். இங்கே 1.25, 1.26: புரோட்டானை இழந்த அமிலமான கார்பாக்சிலேட்டின் அடையாளம். பிரிடின் வளையத்தில் நைட்ரஜனிடத்துக் கோணமும் 121 பாகையைத் தாண்டியிருந்தது. புரோட்டான் ஏறாத பிரிடினில் அது 117 அளவிலேயே நிற்கும்.

அந்த ஹைட்ரஜனை நீக்கிவிட்டு, மாதிரியை அளவீடுகளோடு மீண்டும் பொருத்திச் செம்மைப்படுத்தினேன். மாதிரியில் விடுபட்ட எலக்ட்ரான் அடர்த்தியைக் காட்டும் வேறுபாட்டு ஃபூரியே வரைபடத்தின் மிக உயர்ந்த முகடு நைட்ரஜனிலிருந்து 0.9 ஆங்ஸ்ட்ராமில் எழுந்தது. ஹைட்ரஜனை அங்கே வைத்ததும் கோணம் 172 பாகை. சரிபார்ப்பு நிரல் தந்திருந்த எச்சரிக்கையும் மறைந்தது. மாதிரிக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் ஆர் மதிப்பு பெரிதாக இறங்கவில்லை. இத்தகைய வழக்கில் அது நல்ல சாட்சியும் அல்ல.

எக்ஸ்-கதிருக்குப் பதில் நியூட்ரான் கற்றையால் பெற்ற முடிவுகளோடு ஒப்பிடுவோர் கவனிக்க: எக்ஸ்-கதிர் தரும் நைட்ரஜன்–ஹைட்ரஜன் நீளம் குறைவு, உண்மையில் அது 1 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டும்.