மெக்சிகோ வரலாறு எழுதுகிறவர்களுக்கு: அந்த 500 பேருக்குச் சமைத்துப் போட்டது யார்?

போன மாதம் திருத்திக் கொடுக்கச் சொல்லி மூன்று கட்டுரைகள் வந்தன. மூன்றுமே மெக்சிகோ வரலாறு. எழுதிய மூவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் மூன்றிலும் ஒரு வாக்கியம் மட்டும் அச்சு அசலாக இருந்தது: "வெறும் 500 வீரர்களுடன் வந்த கோர்டெஸ், மாபெரும் ஆஸ்டெக் பேரரசை வீழ்த்தினார்." படித்ததும் எரிச்சல் வந்தது, கூடவே வெட்கமும். பல வருடங்களுக்கு முன் நானே எழுதிய வாக்கியம் அது.

ஆண்டு தப்பு, ஸ்பெயின் என்று வரவேண்டிய இடத்தில் போர்ச்சுகல், இதெல்லாம் மெய்ப்பு பார்க்கும்போது சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். எழுதுகிறவருக்கே தெரியாமல் கதையைத் தலைகீழாக்கிவிடும் தவறுகள் சில இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் இங்கே.

500 பேர் ஜெயித்த கதை

கையிலிருந்த காசைப் போட்டு ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டேன். ஒரு நூலகத்தில் கூட்டம் வைத்து, 500 பேர் கதையை ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தேன். பின்வரிசையில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிற ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து கேட்டார்: "ஐயா, 500 பேர்னா வேளைக்கு 500 இலை. ரெண்டு வருஷம் சண்டைன்னு சொல்றீங்க. யார் சமைச்சாங்க? யார் சாமான் தூக்கினாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேட ஆரம்பித்தபோதுதான் என் புத்தகத்தின் நடு அத்தியாயமே தப்பு என்று புரிந்தது. விற்காத பிரதிகளைக் கட்டிப் பரணில் போட்டேன். இன்னும் அங்கேயே கிடக்கின்றன.

அவர் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொன்னால், ட்லாஸ்காலா. 1519இல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்டெஸ் கரையிறங்கியபோது மெக்சிகோ என்று ஒரு நாடு கிடையாது. டெனோச்டிட்லான், டெஸ்கோகோ, ட்லாகோபான் என்ற மூன்று நகரங்கள் 1428இல் கூட்டுச் சேர்ந்து, சுற்றியிருந்த ஊர்களிடம் கப்பம் வாங்கிக்கொண்டிருந்தன. நாம் ஆஸ்டெக் பேரரசு என்பது இந்தக் கூட்டணியைத்தான். அதற்கு அடங்காமல் நின்ற ஊர் ட்லாஸ்காலா. நாலு பக்கமும் வழியை அடைத்துவிட்டதால் அங்கே உப்புகூடக் கிடைக்கவில்லை. உப்பில்லாமல் சாப்பிட்டுக்கொண்டு அடுத்த நகரத்தை எதிர்த்து நின்ற ஜனங்கள் அவர்கள்.

அந்த ட்லாஸ்காலாக்காரர்கள் முதலில் கோர்டெஸை அடித்து நொறுக்கத்தான் பார்த்தார்கள். 1519 செப்டம்பரில் சில வாரம் சண்டை நடந்தது. அப்புறம் கணக்குப் போட்டார்கள்: வந்தவன் கையில் குதிரை இருக்கிறது, பீரங்கி இருக்கிறது, பழைய எதிரியை முடிக்க இவனைப் பயன்படுத்தலாம். கோர்டெஸ் அவர்களைப் பயன்படுத்தினார் என்று மட்டும் எழுதுவது பாதிக் கதை.

நவம்பர் 8ஆம் தேதி கோர்டெஸ் டெனோச்டிட்லானுக்குள் நுழைந்தபோது கூடவே ஆயிரக்கணக்கில் ட்லாஸ்காலா வீரர்கள் போனார்கள். 1520 ஜூன் 30 இரவு டெனோச்டிட்லான்வாசிகளான மெஷிகா மக்கள் திருப்பி அடித்ததில் ஸ்பானியர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். தப்பித்தவர்கள் ஓடி ஒளிந்தது எங்கே? ட்லாஸ்காலாவில். அன்றைக்கு அவர்கள் கதவைச் சாத்தியிருந்தால் கோர்டெஸ் பெயர் ஓர் அடிக்குறிப்பாகப் போயிருக்கும்.

அடுத்தது கப்பல்கள். டெனோச்டிட்லான் ஏரிக்கு நடுவில் இருந்த நகரம், அதை வளைக்கக் கப்பல் வேண்டும். 13 கப்பல்களுக்கான மரத்தை ட்லாஸ்காலாவில் அறுத்து, பாகம் பாகமாக மலைத்தொடரைத் தாண்டித் தோளில் சுமந்து வந்தார்கள். பலகை தூக்கியவர்கள் மட்டும் 8,000 பேருக்கு மேல் என்றும், அந்த வரிசை டெஸ்கோகோவுக்குள் வந்து முடிய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது என்றும் கோர்டெஸே தன் அரசருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 500 பேர் என்று எழுதுகிறவர்கள் கோர்டெஸுக்கு அவரே கொடுத்துக்கொண்டதைவிடப் பெரிய மாலையைப் போடுகிறார்கள்.

அந்த டெஸ்கோகோ யார்? மூன்று நகரக் கூட்டணியில் ஒன்று. அதுவே உடைந்து ஒரு பாதி கோர்டெஸ் பக்கம் வந்துவிட்டது. இதற்கு நடுவில் பெரியம்மை. டெனோச்டிட்லானின் புது அரசர் குயிட்லாவாக் பட்டமேற்ற சில மாதங்களுக்குள் அம்மையில் போய்விட்டார். 1521 ஆகஸ்ட் 13இல் அவருக்குப் பின் வந்த அரசர் குவாடெமோக் பிடிபட்டபோது நகரத்தைச் சுற்றி ஸ்பானியர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. உள்ளூர்க் கூட்டாளிகள் பல பத்தாயிரம் பேர்.

மூவரில் ஒருவர் ட்லாஸ்காலாவைத் தொட்டிருந்தார். படித்து சந்தோஷப்படுவதற்குள் அடுத்த வரியில் "எட்டப்பர்கள்" என்று முடித்துவிட்டார். யாருக்குத் துரோகம்? இல்லாத நாட்டுக்கா, தங்கள் உப்பை மறித்த ஊருக்கா?

கோர்டெஸின் மொழிபெயர்ப்பாளரான மாலின்ட்சின் (மாலிஞ்சே) விஷயத்திலும் இதே அநியாயம்தான். கோர்டெஸுக்குத் தோற்ற ஊர் ஒன்று 20 பெண்களைக் கொடுத்தது, அதில் ஒருத்தி அவர். அடிமையாகக் கைமாறிய பெண். மெஷிகா மக்களின் மொழியான நாவாட்ல் தெரியும், மாயா மொழி தெரியும். கப்பல் உடைந்து மாயா ஊரில் வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்த அகிலார் என்ற ஸ்பானியருக்கு மாயா தெரியும். ஆரம்பத்தில் ஒரு பேச்சு இவர்கள் இருவர் வாயையும் தாண்டித்தான் கோர்டெஸ் காதுக்குப் போனது. அந்தப் பெண்ணை நாட்டைக் காட்டிக்கொடுத்தவள் ஆக்கியது பிற்காலம். மெக்சிகோவில் அந்நிய மோகத்துக்கு இன்றும் "மாலிஞ்சிஸ்மோ" என்றுதான் பெயர்.

கூடவே ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு கதை: அப்போது டெனோச்டிட்லான் அரசராக இருந்த மொக்டெசூமா, கோர்டெஸைத் திரும்பி வந்த கடவுள் கெட்சால்கோவாட்ல் என்று நம்பிக் கும்பிட்டார் என்பது. கோர்டெஸ் எழுதிய கடிதங்களில் அந்தப் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. எப்போதோ போய்விட்ட ஒரு பழைய தலைவனைப் பற்றி மொக்டெசூமா பேசியதாக மட்டும் அவர் எழுதுகிறார். அதுவும் தனக்குச் சாதகமாக அவர் எழுதிக்கொண்டது. கடவுள் கதை வளர்ந்ததெல்லாம் போர் முடிந்து பல வருடங்கள் கழித்து. தோற்றவர்களுக்கும் ஒரு சமாதானம் வேண்டியிருந்தது, ஜெயித்தவர்களுக்கும் அது இனித்தது. தமிழில் எழுதுகிற நமக்கு அதை மறுபடி ஓதவேண்டிய கட்டாயம் என்ன?

தப்பான கல்

2012இல் உலகம் அழியும் என்று கிளம்பியது ஞாபகம் இருக்கிறதா? நானும் ஒரு பத்திரிகைக்கு "மாயன் காலண்டர்" பற்றி எழுதினேன். நடுவில் ஒரு முகம் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வட்டக் கல்லின் படத்தையும் நானே தேடி அனுப்பினேன். அழகாகப் போட்டார்கள். அந்தக் கல் மாயாக்கள் செய்ததே அல்ல. மெஷிகா மக்கள் செதுக்கியது, சுமார் 24 டன். 1790இல் மெக்சிகோ நகரத்தின் பெரிய சதுக்கத்தைத் தோண்டியபோது கிடைத்தது. மாயா நகரங்கள் இருந்தது அங்கிருந்து வெகுதூரம் கிழக்கே, அவற்றின் உச்சகாலமும் பல நூற்றாண்டுகள் முந்தியது. இன்றுவரை ஒரு வாசகர்கூட இதைப் பற்றி எழுதவில்லை என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

தியோதிவாகானை ஆஸ்டெக் கட்டியது என்பது

இல்லை. அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்தப் பிரமிடு நகரம் பாழாகிவிட்டது.

மே 5 சுதந்திர தினம் என்பது

செப்டம்பர் 16. மே 5 என்பது 1862இல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள்.

1521லிருந்து 1810க்குத் தாவுவது

ஒரு பத்தியில் டெனோச்டிட்லான் விழும், அடுத்த பத்தியில் பாதிரியார் இடால்கோ சுதந்திரப் போரைத் தொடங்கிவைத்துக் கோவில் மணியை அடிப்பார். நடுவில் கிட்டத்தட்ட 300 வருடம் காணாமல் போய்விடும். இன்றைய மெக்சிகோ மக்கள் உருவானதே அந்த 300 வருடத்தில்தான். தப்பியோடிய ஆப்பிரிக்க அடிமைகளைச் சேர்த்து மலையில் ஊர் அமைத்து, கடைசியில் அரசையே ஒப்பந்தத்துக்கு இறங்கி வரவைத்த யாங்கா அந்தக் காலத்து ஆள். 1565லிருந்து 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் கப்பல் ஓடியது. போகும்போது வெள்ளி, வரும்போது பட்டு, பீங்கான், அடிமைகள். அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் கதரீனா தே சான் ஹுவான். இந்தியாவில் பிறந்து, கடத்தப்பட்டு, புவெப்லாவில் வாழ்ந்து, 1688இல் ஊரே புனிதவதியாகக் கொண்டாடும் நிலையில் இறந்தவர். இந்தியாவிலிருந்துகொண்டு மெக்சிகோ வரலாறு எழுதுகிறவர்கள் இவரைத் தாண்டிப் போவது எனக்குப் புரிவதில்லை.

"மறைந்துபோன" மக்கள்

"மர்மமாக மறைந்த மாயாக்கள்" என்று தலைப்பு வைக்காத ஆளே இல்லை. கைவிடப்பட்டது தெற்கிலிருந்த பல நகரங்கள். மக்கள் எங்கேயும் போகவில்லை. 1847இல் மெக்சிகோவின் தென்கிழக்கிலுள்ள யூகடானில் அவர்கள் தொடங்கிய கிளர்ச்சி அரைநூற்றாண்டு இழுத்தது. இன்றைக்கு யூகடான் மாயா பேசுகிறவர்கள் மட்டும் ஏழு லட்சத்துக்கு மேல். நாவாட்ல் பேசுகிறவர்கள் 16 லட்சத்துக்கு மேல். 1858லிருந்து 1872இல் சாகும்வரை ஜனாதிபதியாக இருந்த பெனிட்டோ ஹுவாரெஸ் சபோடெக் என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். சிறுவனாக நகரத்துக்கு வந்த பிறகுதான் அவர் ஸ்பானிய மொழியே கற்றார்.

பழக்கடையில் சப்போட்டா என்ன விலை என்று கேட்கிறோமே, அந்தப் பெயரே நாவாட்லின் "ட்சபோட்ல்" என்ற சொல்லிலிருந்து வந்தது. சாக்லேட்டின் பெயரும் அந்த மொழி வழியாக வந்ததுதான். செத்த மொழி என்று எழுதுவதற்கு முன் யோசியுங்கள்.

எக்ஸ் எழுத்து

மெக்சிகோ என்பது தமிழில் நிலைத்துவிட்டது, அதை மாற்றப் போராடவேண்டாம். மற்ற பெயர்களை ஆங்கிலத்தில் பார்த்து எழுத்துக்கூட்டாதீர்கள், ஊர்க்காரர் சொல்வதை ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதுங்கள். Oaxaca என்ற ஊர் ஓக்சாகா இல்லை, வஹாக்கா. சோச்சிமில்கோ (Xochimilco) என்ற ஊரின் முதல் எழுத்தும் அதே எக்ஸ்தான், அங்கே அது ச.