சுருக்கும் முன்பே கெட்டுப்போகும் லிடார் புள்ளிகள்

வண்டிமேல் லிடார் என்ற லேசர் ஸ்கேனரைப் பொருத்தி, சென்னைச் சாலை ஒன்றைப் புள்ளி புள்ளியாக அளந்து, சுருக்கி வந்த கோப்பு அது. திரையில் திறந்தால், தார்ச்சாலைப் புள்ளிகள் கோடு போட்ட நோட்டுபோல வரிவரியாக நின்றன. கோட்டுக்குக் கோடு 12.5 சென்டிமீட்டர், நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை. சுருக்கும் மென்பொருள்மீதுதான் முதலில் பழியைப் போட்டேன். அது ஒரு பாவமும் அறியாதது.

பூமியில் ஓர் இடத்தைக் கிழக்கு, வடக்கு என்று மீட்டரில் சொல்லும் யூடிஎம் கணக்கில், சென்னையின் வடக்கு ஆயத்தொலை (நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே உள்ள தூரம்) ஏறத்தாழ 14,46,000 மீட்டர். கணினி தசம எண்களை வைக்கும் 32 பிட் ஃப்ளோட் எண் ஒன்றில் மதிப்புள்ள பிட்டுகள் 24 மட்டுமே. பத்தரை லட்சத்தைத் தாண்டிய எண்ணில், அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே எட்டில் ஒரு மீட்டர் இடைவெளி விழுந்துவிடும். அதுதான் அந்தக் கோடு. கிழக்கு ஆயத்தொலை சிறிய எண் என்பதால் அங்கே இடைவெளி 3 சென்டிமீட்டர்தான். யாரோ இடைவழியில் ஃப்ளோட்டாக மாற்றிச் சேமித்திருக்கிறார்கள்; போனது போனதுதான். முதலில் பக்கத்திலுள்ள ஒரு புள்ளியை மூலமாக வைத்துக் கழித்துவிட்டால் இந்த வம்பே இல்லை. லிடார் புள்ளிகளுக்கான எல்ஏஎஸ் கோப்பு வடிவம் அதைத்தான் செய்கிறது: கழிக்க வேண்டிய எண்ணும் அளவுப்படியும் (எண்ணில் ஒன்று என்பது எத்தனை மீட்டர் என்பது) தலைப்பில் இருக்கும், ஒவ்வொரு ஆயத்தொலையும் 32 பிட் முழு எண்ணாக நிற்கும்.

இதில் சூடுபட்டவர்கள் நேரெதிர்ப் பக்கம் ஓடுவார்கள். 'துல்லியம் குறையவே கூடாது' என்று அளவுப்படியை 0.00000001 மீட்டர் என்று வைப்பார்கள். முதல் சங்கடம், அந்தப் படியில் 32 பிட் எண் மூலத்திலிருந்து 21 மீட்டர் வரைதான் எட்டும். அடுத்தது, வெலோடைன் விஎல்பி-16 போன்ற லிடார் கருவியின் தூரத் துல்லியமே ±3 சென்டிமீட்டர். அதற்குக் கீழே எட்டாவது தசம இலக்கம் எதைச் சொல்கிறது? வெறும் இரைச்சல். மார்ட்டின் ஐசன்பர்க் உருவாக்கிய லாஸ்ஸிப் என்ற சுருக்கும் மென்பொருள் இழப்பில்லாமலே எல்ஏஎஸ் கோப்பை 7 முதல் 25 சதவீத அளவுக்கு ஒடுக்கக்கூடியது. முந்தைய புள்ளிகளைப் பார்த்து அடுத்ததை ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுவது அதன் வழி. இரைச்சலை யாரால் ஊகிக்க முடியும்? கோப்பு உப்பித்தான் வரும். வான்வழி அளவைக்கு 0.01, தரைவழிக்கு 0.001 என்பது பெரும்பாலும் போதும்.

ஊதிப் பெருக்கிவிட்டுப் பிறகு சுருக்குவது இன்னொரு வேடிக்கை. விஎல்பி-16 அனுப்பும் ஒரு பாக்கெட்டின் (ஒரே தடவையில் வரும் தரவுப் பொட்டலத்தின்) உள்ளடக்கம் 1,206 பைட். அதில் 384 அளவீடுகள். தூரத்துக்கு 2 பைட், பிரதிபலிப்புக்கு 1 பைட், மேலே கொஞ்சம் கோணமும் நேரமும். புள்ளிக்கு 3 பைட்டைச் சற்றே தாண்டும். அதையே எக்ஸ், ஒய், இசட், பிரதிபலிப்பு என்று நான்கு ஃப்ளோட்டாக விரித்தால் 16 பைட். பிறகு 'ஐந்து மடங்கு சுருக்கிவிட்டோம்' என்று அறிக்கை! வண்டியில் பதிவுசெய்யும்போது மூலப் பாக்கெட்டையே, கருவியின் அளவுத்திருத்தக் கோப்போடு சேர்த்து வைத்துக்கொள்வதைத்தான் நான் விரும்புவேன்.

மென்பொருள் தானாக வைத்திருக்கும் அமைப்பை அப்படியே நம்புவதும் ஆபத்து. முப்பரிமாண உருவங்களைச் சுருக்கும் கூகுளின் டிராக்கோ கட்டளைக் கருவி, நாம் எதுவும் சொல்லாவிட்டால், புள்ளியின் இடத்தைக் குறிக்க அச்சுக்கு 11 பிட் எடுத்துக்கொள்ளும், அதாவது 2,048 படிகள். கைக்குள் அடங்கும் சிலைக்கு அது தாராளம். ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள நிலத்துக்குப் படி ஒன்று அரை மீட்டர். நடைபாதை விளிம்பே காணாமல் போகும். வீடியோ சுருக்கத்துக்குப் பேர்போன எம்பெக் குழு, புள்ளிகளைச் சுருக்க வகுத்த இரண்டு தரங்களிலும் ஆள் மாறாட்டம் நடப்பதுண்டு. வி-பிசிசி அடர்த்தியான உருவங்களை வீடியோவாக மடித்துச் சுருக்குவது, ஆடும் மனிதருக்குப் பொருந்தும். சிதறிக் கிடக்கும் லிடார் புள்ளிகளுக்கு ஜி-பிசிசிதான்.

இடம் குறைக்க வேண்டும் என்றால் முதலில் கத்தி விழுவது ஜிபிஎஸ் நேரத்தின்மீது. புள்ளிக்கு 8 பைட் ஆயிற்றே! ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் வண்டி, ஸ்கேனர் ஒரு சுற்றுச் சுற்றும் பத்தில் ஒரு நொடிக்குள் 1.67 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. நகர்வைத் திருத்தி முடிப்பதற்குள் நேரத்தை வெட்டியவர், வளைந்த சுவர்களோடுதான் இனி வாழ வேண்டும். ஸ்கேன் வரிசையைக் கலைப்பதும் இந்த வகைதான்: அடுத்தடுத்த புள்ளிகள் அண்டை அயலாக இல்லாவிட்டால் லாஸ்ஸிப்பின் ஊகம் பொய்க்கும், கோப்பு பெருக்கும்.

கடைசியாக, சராசரிப் பிழை: சுருக்கி விரித்த புள்ளிகள் மூலத்திலிருந்து சராசரியாக எவ்வளவு விலகின என்ற ஒற்றை எண்ணை நம்புவது. சுருக்கும் முன் 'இரைச்சல் நீக்கி' ஓட்டுவார்கள். அது தனித்து நிற்கும் புள்ளிகளைக் களைவது. மின்கம்பியின் புள்ளிகளும் வானத்தில் தனித்துத்தான் நிற்கின்றன. பத்து லட்சம் புள்ளிகளில் கம்பியின் இருநூறு போனால் சராசரி அசையவே அசையாது. நான் அந்தச் சராசரி எண்ணைப் பார்ப்பதற்கு முன், விரித்த கோப்பில் கம்பத்துக்குக் கம்பம் குறுக்குவெட்டு எடுத்து, கம்பியின் தொய்வு தெரிகிறதா என்று பார்ப்பேன்.