ஆங்கிலக் கிராமத்துப் பண்ணை வீட்டில் தங்கப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக்கு வந்த முதல் ஆண்டிலேயே ஒரு வார இறுதியை, ஒரு குடும்பம் நடத்தும் பழைய பண்ணை வீட்டில் கழித்துவிடுங்கள். புதிதாக வரும் எல்லோரிடமும் இதைச் சொல்கிறேன். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் நமக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடுகிறது. அதனாலேயே நகரத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. டெவன், காட்ஸ்வோல்ட்ஸ், யார்க்ஷயர் டேல்ஸ், லேக் டிஸ்ட்ரிக்ட் என எந்தப் பக்கம் போனாலும் அறைகளை வாடகைக்கு விடும் பண்ணைக் குடும்பங்கள் இருக்கின்றன. விவசாய வருமானம் மட்டும் போதாமல் விருந்தினர்களை ஏற்கத் தொடங்கியவர்கள் அவர்களில் பலர். 2001-இல் கோமாரி நோய் பரவி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. பண்ணைக்காரர்கள் யாரும் அந்த ஆண்டை மறக்கவில்லை.

முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பணம் கட்டியதோடு நின்றுவிடாமல், ஒரு முறை தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். நீங்கள் போவது அவர்கள் வாழும் வீட்டுக்கு. இரவெல்லாம் ஆள் உட்கார்ந்திருக்கும் ரிசப்ஷன் அங்கே பெரும்பாலும் இருக்காது. உங்களுக்குக் கதவு திறப்பவரே விடியற்காலையில் மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு வந்து காலை உணவும் சமைப்பவராக இருக்கலாம். எத்தனை மணிக்கு வருவீர்கள், யார் யார் வருகிறீர்கள், என்ன சாப்பிடமாட்டீர்கள் என்ற மூன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

வழியையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கிராமப்புறத்தில் ஒரே அஞ்சல் குறியீட்டுக்குள் பல பண்ணைகள் அடங்கும். வரைபடச் செயலி உங்களை வேறொருவர் களஞ்சியத்தின் முன் நிறுத்திவிடும். பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னலும் கிடைக்காமல் போகலாம், அதனால் வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைத்திருங்கள். ரயிலில் போவதாக இருந்தால் டாக்ஸியை முன்பதிவு செய்யுங்கள்; சிறிய நிலையங்களின் வாசலில் வண்டிகள் காத்திருப்பதில்லை. பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே கிடையாது. இரவு உணவு தருவார்களா என்றும் கேளுங்கள். தராவிட்டால் பக்கத்துப் பப்தான் வழி, அதன் சமையலறையோ சீக்கிரமே மூடிவிடும்.

காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை, நடுவே தடுப்பு இல்லாத சாலையில் மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்பதற்கான அடையாளம். இருபுறமும் வேலி உயர்ந்த குறுகிய பாதையில் அந்த வேகம் உயிருக்கு ஆபத்து. எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் நுழைந்து நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நின்று வழிவிடுங்கள்.

இனி வீட்டைப் பற்றி. 1700-க்கு முன் கட்டப்பட்டு, பழைய வடிவம் பெரிதும் குலையாமல் நிற்கும் கட்டடங்கள் அநேகமாக எல்லாமே இங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. உள்ளூர் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் அவற்றின் சன்னலைக்கூட மாற்ற முடியாது. லிஃப்ட் இல்லாததும், காற்று புகும் ஒற்றைக் கண்ணாடிச் சன்னலும், தலையில் இடிக்கும் உத்திரமும், சாய்ந்த தரையும் அலட்சியத்தால் வந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். டார்ட்மூர் பக்கத்தில் சரிவின் மேற்பக்கப் பாதியில் மனிதர்களும் கீழ்ப்பக்கப் பாதியில் மாடுகளுமாக ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த நீள வீடுகள் இன்னும் நிற்கின்றன. அப்படி ஒரு கருங்கல் சுவரைத் தொட்டுப் பார்ப்பதற்காகவே ஓர் இரவு குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை அழைத்துப் போவதானால் கீழ்த்தள அறை கேளுங்கள், படிக்கட்டுகள் செங்குத்தானவை.

அறைக்குள் விளக்கேற்றவோ ஊதுபத்தி, சாம்பிராணி கொளுத்தவோ வேண்டாம். கூரை வைக்கோல் வேய்ந்ததாக இருந்தால் ஒரு பொறி போதும், நூற்றாண்டுகளாக நின்ற வீடு போய்விடும். குளியலறைத் தரையில் தண்ணீர் வெளியேற வழி இருக்காது. சிந்தும் நீர் மரத்தளத்தின் வழியாகக் கீழ் அறைக்கு இறங்கும். தொட்டிக்குள் நின்றே குளியுங்கள். கழிவறைக்கு ஒரு சிறிய குவளையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பல பண்ணைகளின் கழிவுநீர் அவர்களுடைய சொந்தத் தொட்டிக்குத்தான் போகிறது, அதனால் ஈரத் துடைப்புத் தாள்களைக் கழிவறையில் போடக்கூடாது.

காலை உணவு இவர்களுடைய பெருமை. முட்டை, பன்றி இறைச்சி, சாசேஜ், பீன்ஸ், காளான், வதக்கிய தக்காளி என்று தட்டு நிறையும். கறுப்பு நிறத்தில் வட்டமாக இருக்கும் துண்டு பன்றி இரத்தத்தில் செய்தது. பலர் தெரியாமல் எடுத்துவிடுகிறார்கள். சைவம் என்று சொன்னால் மட்டும் போதாது, தனி வாணலியில் சமைக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சட்டம் வரையறுத்த 14 பொருட்களில் எது எந்த உணவில் இருக்கிறது என்று சொல்வது அவர்களுடைய கடமை.

பிறகு நடக்கக் கிளம்புங்கள். தனியார் வயலின் நடுவே போனாலும் பொதுப் பாதையில் நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீல அம்பு போட்ட பாதையில் குதிரையும் சைக்கிளும்கூட வரலாம். திறந்திருக்கும் கேட்டைத் திறந்தபடியும், மூடியிருப்பதை மூடியும் விட்டுச் செல்லுங்கள். கன்றோடு நிற்கும் பசுக்களை நம் ஊர்ப் பசுவைப் போல நினைத்துத் தொடப் போகாதீர்கள்; அவற்றை விட்டு விலகிச் சுற்றிப் போங்கள்.

வசந்த காலத்தில் ஆட்டுக்குட்டிகளைப் பார்க்கப் பிள்ளைகள் துடிப்பார்கள். குட்டிகளைத் தொட்ட பிறகு சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவ வையுங்கள். கிருமிநாசினி ஜெல் போதாது. கருவுற்ற பெண்கள் ஈனும் ஆடுகளுக்கும் புதிதாகப் பிறந்த குட்டிகளுக்கும் அருகே போகவே கூடாது. கருவைப் பாதிக்கும் தொற்றுகள் அவற்றிடமிருந்து வரக்கூடும். இதையும் அந்தத் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிட்டால், ஆடுகள் ஈனும் கொட்டகையிலிருந்து தள்ளியிருக்கும் அறையைத் தருவார்கள்.