சூரையா, எலிச்சூரையா? பலரும் தடுமாறும் இடங்கள்

தூத்துக்குடியில் பருவலை போட்டு வரும் படகுகளில் சூரை, எலிச்சூரை என்ற இரண்டு டியூனா வகை மீன்களும் கலந்தே கிடக்கும். கடலிலேயே அப்படித்தான். ஒத்த அளவுள்ள மீன்கள் இனம் பாராமல் ஒரே கூட்டமாகத் திரியும். அதனால் கரையில் பிரிக்கும்போது தவறு நேர்வது சகஜம்.

முதல் தவறு, புள்ளியை மட்டும் நம்புவது. சூரைக்கு, அதாவது அறிவியல் பெயரில் யூதின்னஸ் அஃபினிஸுக்கு, மார்புத் துடுப்புக்குக் கீழே சில கரும்புள்ளிகள் உண்டு. புள்ளி தெரிந்தால் சரி, அது சூரைதான். தெரியாவிட்டால் உடனே எலிச்சூரை என்று முடிவு கட்டக் கூடாது. சில மீன்களில் அது மிக மங்கலாக இருக்கும். ஐஸில் உரசிக் கிடந்த மீனில் இன்னும் கஷ்டம்.

நான் முதலில் பார்ப்பது முதுகை. முன் துடுப்பு ஒரு பள்ளத்துக்குள் மடங்கிக் கிடக்கும்; விரலால் நிமிர்த்திப் பாருங்கள். சூரையின் இரண்டு முதுகுத் துடுப்புகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி அதன் கண் அகலத்தைத் தாண்டாது. எலிச்சூரையில் அந்த இடைவெளி முன் துடுப்பின் அடிப்பகுதி நீளத்துக்காவது இருக்கும். நிறம் மாறலாம், இது மாறாது.

சின்னதாக இருந்தால் எலிச்சூரை என்பதும் தப்புக் கணக்குதான். சூரை 1 மீட்டர் வரை வளரும், எலிச்சூரை 65 செ.மீ. வரைதான் என்பது உண்மை. ஆனால் 30 செ.மீ. சூரைக் குஞ்சும் அதே வலையில் வருகிறதே! இந்த அளவில் சூரை பெரும்பாலும் முதல் முட்டைகூட இட்டிருக்காது. பிடிபட்ட மீன் கணக்கில் அதை வளர்ந்த எலிச்சூரை என்று எழுதிவிட்டால், குஞ்சுகள் எவ்வளவு பிடிபடுகின்றன என்பதே கணக்கில் வராமல் போகும். அளக்கும்போது வால் நுனிவரை அளக்காதீர்கள். மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரைதான் அளவு.

எலிச்சூரைக்கு ஒரு நெருங்கிய சொந்தமும் உண்டு: ஆக்சிஸ் ரோச்செய். இரண்டாம் முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்துக்கு நேர்கீழே, பக்கவாட்டில் ஓடும் செதில் பட்டையை எண்ணுங்கள். அகலம் 5 செதிலுக்குள் என்றால் எலிச்சூரை. 6 அல்லது அதற்கு மேல் என்றால் ரோச்செய்.

வரிச்சூரையைக் குழப்பவே வேண்டாம். லட்சத்தீவின் மினிக்காய் தீவில் மாசிக் கருவாடு போடும் மீன் அது. கோடுகள் வயிற்றில் நீளவாக்கில் ஓடும். மற்றவற்றுக்குக் கோடு முதுகில்.

அப்புறம் சமையலறைத் தவறு ஒன்று. சதை கருஞ்சிவப்பாக இருக்கிறதே, கெட்டுவிட்டதோ என்று சிலர் ஒதுக்குகிறார்கள். ஓயாமல் நீந்தும் மீனுக்கு அது இயல்பான நிறம். உண்மையான ஆபத்து, பிடித்த மீனை ஐஸ் இல்லாமல் வெயிலில் விடுவது. அப்போது உருவாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தடிப்பும் தலைவலியும் வரும். வாங்கிய உடனே ஐஸில் வையுங்கள்.