ரூம்மேட்டே ஹவுஸ் ஓனர் ஆயிட்டாரா? முதல்ல அட்வான்ஸ் எங்கேன்னு கேளுங்க

ஓசூர் சிப்காட் பக்கம் நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கிறது சகஜம். அதுல ஒருத்தரே அந்த வீட்டை வாங்கிட்டா, நேத்து வரை ஒரே குக்கர்ல சாப்பிட்டவர்கிட்ட எப்படிப் பேப்பர் கேக்கிறதுன்னு கூச்சமா இருக்கும். கேட்டுடுங்க.

வீடு கைமாறினதால மட்டும் உங்க ஒப்பந்தம் முடிஞ்சுடாது. பழைய ஓனரோட பொறுப்புகள் புதுசா வாங்கினவருக்கும் வரும். ஆனா அட்வான்ஸ் இப்ப யார் கையில இருக்குன்னு ரெண்டு பேர்கிட்டயும் எழுதி வாங்குங்க. வாய்ப்பேச்சு இதுல உதவாது. தகராறு வர்ற இடமே இதுதான். வாடகையை ஜிபேல அனுப்பி, குறிப்புல "ஜூன் வாடகை"ன்னு போடுங்க. ரசீதும் கேளுங்க.

அவர் வாங்கல, மொத்த வீட்டையும் தன் பேருல எடுத்து உங்களுக்கு உள்வாடகைக்கு விடுறாரா? தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017 படி அதுக்கு ஓனரோட எழுத்துப்பூர்வ சம்மதம் வேணும். அந்தப் பேப்பரைக் கண்ணால பாருங்க.

சண்டையே வந்தாலும் கரண்ட், தண்ணியை நிறுத்த அவருக்கு உரிமை இல்ல. நிறுத்தினா வாடகை அதிகாரிகிட்ட மனு கொடுக்கலாம்.