பள்ளி மூடியிருக்கும்போது இலவச ஆன்லைன் படிப்பு: எங்கே சறுக்குகிறோம்?

பள்ளி மூடப்பட்ட செய்தி வந்ததுமே வாட்ஸப் குழுக்களில் பட்டியல்கள் வந்து குவியும். இலவசமாகப் படிக்க ஐம்பது தளங்கள், நூறு ஆப்கள். 2020-ல் கொரோனாவால் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் வீட்டில் இருந்த காலத்தில் நமக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. அந்தப் பட்டியலை அனுப்புபவர் அதில் நாலு தளத்தையாவது திறந்து பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்தான். பாடத்துக்கு ஒன்று போதும். அதையும் பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் நீங்களே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

எண்ணிக்கைகூட சின்ன விஷயம். வீடியோ பார்த்து முடித்ததையே படித்து முடித்ததாக எடுத்துக்கொள்கிறோமே, பெரிய சறுக்கல் அதுதான். பின்னங்களைக் கூட்டுவது பற்றி ஒரு நல்ல வீடியோ ஓடுகிறது. 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்ட வேண்டும். ஆசிரியர் இரண்டுக்கும் பகுதியை 6 ஆக்கி, 3/6, 2/6 என்று மாற்றி, 5/6 என்று முடிக்கிறார். பிள்ளையும் தலையாட்டுகிறது. கேட்டால் 'புரிஞ்சுது' என்கிறது. அது பொய்யில்லை, அந்த நேரத்தில் புரிந்த மாதிரிதான் இருக்கும். வீடியோவை நிறுத்திவிட்டு 1/4-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்கள். 2/7 என்று வந்தால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் அப்படியே கூட்டியிருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு தப்பான விடை, முழுதாகப் பார்த்த பத்து வீடியோக்களைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும்.

இதை ஆராய்ச்சியிலும் பார்த்திருக்கிறார்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பத்தியைப் படித்த மாணவர்களில் ஒரு பகுதியினர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் பத்தியைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42. அதனால் எந்த வீடியோவானாலும் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நோட்டும் பேனாவும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு 'இன்னைக்கு ஆறு பாடம் முடிச்சாச்சு' என்பதெல்லாம் கணக்கில் வராது.

அப்புறம், பிள்ளை எட்டாம் வகுப்பு என்பதால் நேராக எட்டாம் வகுப்புப் பாடத்தையே திறப்பது. ஓட்டை ஆறாம் வகுப்பில் இருக்கலாம். லாப நோக்கமற்ற கான் அகாடமி என்ற கல்வித் தளத்தில் 'கோர்ஸ் சேலஞ்ச்' என்றொரு தேர்வு இருக்கிறது. ஒரு வகுப்பு கீழே போய் அதை முதலில் எழுதவைத்தால், எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்துவிடும். கீழ் வகுப்பா என்று பிள்ளை முகம் சுளிக்கும்தான். பரவாயில்லை.

பள்ளியின் எட்டு பீரியடையும் அப்படியே திரையில் நடத்தப் பார்ப்பதும் வேண்டாத வேலை. இரண்டே நாளில் எல்லோரும் சோர்ந்துவிடுவார்கள்.

'இலவசம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாகப் போட்டிருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளம், உள்ளே போகக் கணக்கே கேட்காது. சில ஆப்களோ ஏழு நாள் சோதனை என்று சொல்லி முதலிலேயே கார்டு எண்ணைக் கேட்கும். ரத்து செய்ய மறந்தால் பணம் போய்விடும். பணம் கேட்காதவையும் தகவலை எடுத்துக்கொள்ளலாம். 49 நாடுகளின் அரசுகள் பெருந்தொற்றின்போது பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்து 2022-ல் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது, குழந்தைகளின் தனியுரிமைக்கு ஊறு செய்யும் விதத்திலோ அதற்கு வாய்ப்புள்ள விதத்திலோ தகவல்களைக் கையாண்டதாக அதில் சொல்லியிருந்தார்கள். கணக்குப் போடும் ஆப் ஒன்று இருப்பிடத்தையும் தொடர்பு எண்களையும் கேட்டால் 'அனுமதி இல்லை' என்பதை அழுத்துங்கள். அதற்குப் பிறகு ஓட மறுத்தால் அந்த ஆப் வேண்டாம்.

கடைசியாக டேட்டா. முழுத் தரத்தில் வீடியோ ஓடவிட்டு, மாதம் பாதியிலேயே தீர்ந்துபோவது பல வீடுகளில் நடக்கிறது. கரும்பலகைப் பாடத்துக்கு 360 தரமே தாராளம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) தளத்தில் உள்ள அறிவியல் சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், பலவற்றை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் அப்புறம் இணையம் இல்லாமலே ஓடும். மின்சுற்றுக்கான சிமுலேஷனில் மின்கலத்தையும் பல்பையும் ஒயரால் இணைக்கலாம், கழற்றலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். சும்மா அழுத்திக்கொண்டே இருக்க விடாமல், 'இரண்டாவது பல்பைத் தொடரில் சேர்த்தால் முதல் பல்பின் வெளிச்சம் என்னவாகும்?' என்று கேட்டு, பதிலை எழுதவைத்த பிறகு ஒயரைத் தொட விடுங்கள்.